காயங்கள் சொன்னதும் தாள் சொன்னதும்

பிரான்சு நாட்டில் ஒரு இலக்கணப் பிழை 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டு வருகிறது. நம் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்கள் பலருக்கு அது தெரிந்திருக்கும். 'ஒமர் மா துயே' என்று ஒரு வாசகம். 'ஒமர் என்னைக் கொன்றான்' என்று பொருள். சாகும் தறுவாயில் ஒரு பெண்மணி தன் இரத்தத்தையே தொட்டுக் கதவில் எழுதியதாகச் சொல்லப்படும் வாசகம் அது.

பிழை கடைசிச் சொல்லில் இருக்கிறது. சரியாக எழுதினாலும் தவறாக எழுதினாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் ஒலிக்கும். எழுதும்போதுதான் வேறுபாடு தெரியும். 'கொன்றான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கொல்ல' என்று பொருள்படும் வினை வடிவத்தை எழுதியிருந்தது. தமிழில் ஒரு பிள்ளை 'கொன்றான்' என்பதைக் 'கொண்றான்' என்று எழுதுகிறதே, அந்த மாதிரி காதை நம்பி எழுதிய பிழை. எங்கள் பள்ளியில் 'திக்தே' என்னும் சொல்வதெழுதுதலில் இந்தப் பிழைக்குத்தான் முசியே சிவப்பு மையை அதிகம் செலவழிப்பார்.

படித்த, வசதியான ஒரு பிரெஞ்சு மதாம் இப்படிப் பிழையாக எழுதியிருப்பாரா என்பதுதான் ஊரெல்லாம் நடந்த விவாதம். அந்த அம்மாள் மற்ற இடங்களிலும் இதே வகைப் பிழைகளைச் செய்ததுண்டு என்று வழக்குத் தரப்பு காட்டியது. ஆகவே அந்த விவாதத்தால் பெரிய பயன் இல்லை. என் பார்வையில் இந்த வழக்கின் உயிர்நிலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த உடலில் இருந்த காயங்களில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்தக் காயங்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய தாளில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தெற்குப் பிரான்சில் கான் நகருக்கு மேலே மூழேன் என்று ஒரு ஊர். பணக்காரர்கள் வீடு கட்டி வாழும் குன்றுப் பகுதி. அங்கே 'லா ஷமாத்' என்ற பங்களாவில் கிலேன் மர்ஷால் என்ற 65 வயது விதவை தனியாக வாழ்ந்து வந்தார். 1991 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன்னால் ஒரு சிநேகிதியோடு தொலைபேசியில் பேசியிருக்கிறார். அன்று மதியம் நண்பர்கள் வீட்டில் சாப்பிட வருவதாக ஏற்பாடு. அவர் வரவில்லை. மறுநாளும் தகவல் இல்லை. 24-ஆம் தேதி மாலை வீட்டைச் சோதித்தபோது, நிலவறையின் கதவு பூட்டியிருந்தது. பூட்டைத் திறந்தும் கதவு நகரவில்லை. உள்பக்கம் ஒரு மடக்குக் கட்டிலும் ஓர் இரும்புக் குழாயும் கதவை அடைத்துக் கிடந்தன. தள்ளித் திறந்து உள்ளே போனால் அம்மாள் பிணமாகக் கிடந்தார். ஒரு கதவில் முழு வாசகம். இன்னொரு கதவில் அதே வாசகம், பாதியில் நின்றுபோன நிலையில்.

ஒமர் ரத்தாத் என்பவர் அந்த வீட்டுத் தோட்டக்காரர். மொராக்கோக்காரர். அப்போது வயது 30-ஐ எட்டவில்லை. பிரெஞ்சு சரியாகப் பேசத் தெரியாது, எழுதப் படிக்கத் தெரியாது. உடனே கைது செய்யப்பட்டார். சூதாட்ட இயந்திரங்களில் பணம் விட்டவர், சம்பள முன்பணம் கேட்டு மறுக்கப்பட்டதால் கொன்றார் என்பது வழக்கு. 1994 பிப்ரவரி 2-ஆம் தேதி நீஸ் நகர நீதிமன்றம் அவருக்கு 18 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 1996-இல் மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் கேட்டுக்கொண்டதன் பேரில் அதிபர் ழாக் ஷிராக் தண்டனையின் ஒரு பகுதியைக் குறைத்தார். 1998 செப்டம்பரில் ஒமர் வெளியே வந்தார். மன்னிப்பு கிடைத்ததே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. தான் கொல்லவில்லை என்று அவரும் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

சட்டத்தின் கணக்கில் இது முடிந்த வழக்கு. மக்கள் கணக்கில் முடியாத வழக்கு. அதனால்தான் 'தீராத கொலைகள்' என்று பிரெஞ்சுக்காரர்கள் பட்டியல் போடும்போதெல்லாம் இதுவும் வந்துவிடுகிறது.

இனி காயங்களுக்கு வருவோம்.

காயம் பேசும் என்பது உண்மை. இந்தக் கொலைக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த முனைவர் பி. சந்திரசேகரன் செய்த வேலை உலகமே பாராட்டியது. சிதறிய உடல்களைப் பார்த்து, எந்த உடல் எந்தப் பக்கம் எந்த அளவுக்குச் சிதைந்திருக்கிறது என்று கணக்கிட்டு, குண்டு தரையிலோ மாலையிலோ இல்லை, ஒரு பெண்ணின் உடலிலேயே கட்டப்பட்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தார். அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரிவதற்கு முன்பே அவள் உடல் சாட்சி சொல்லிவிட்டது. காயத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு யார் சொன்னதையும் கேட்காமல் படித்தால் இவ்வளவு தூரம் போகலாம்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் சட்ட மருத்துவர்கள் எழுதிய புத்தகங்களைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஓய்வுக்குப் பிறகு விரும்பிப் படித்து வருகிறேன். அதில் நான் புரிந்துகொண்டது இது. உயிரோடு இருக்கும்போது விழுந்த காயத்துக்கும் இறந்த பிறகு விழுந்த காயத்துக்கும் வேறுபாடு காணலாம். உயிர் இருந்தால் இரத்தம் தசைக்குள் கசிந்து உறையும். கையிலும் முன்கையிலும் வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் தடுத்தபோது பட்டது. தட்டையான கட்டையால் அடித்த காயம் வேறு, கத்தியால் குத்திய காயம் வேறு. குத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பார்த்து ஆயுதம் எப்படிப்பட்டது என்று ஓரளவு சொல்லலாம். இவ்வளவும் காயத்தின் எல்லைக்குள் வருபவை.

குத்தியவன் யார் என்பதும், குத்துப்பட்டவர் மனத்தில் என்ன ஓடியது என்பதும் காயத்தின் எல்லைக்கு வெளியே இருப்பவை.

மர்ஷால் அம்மாளின் உடலில் தலையில் கட்டையால் அடித்த காயங்கள் இருந்தன. கழுத்தில் வெட்டு இருந்தது. வயிற்றுப் பகுதியில் பல குத்துக் காயங்கள். கைகளில் தடுத்த காயங்கள். இரத்தக் கறை படிந்த ஒரு மரச்சட்டம் அங்கேயே கிடைத்தது. குத்திய ஆயுதம் கடைசிவரை கிடைக்கவில்லை. காயங்கள் உயிரைப் போக்கக்கூடியவை, ஆனால் உடனே போக்கக்கூடியவை அல்ல, சுமார் 15 முதல் 30 நிமிடம் வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

இந்த 15 முதல் 30 நிமிடத்துக்குள்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

வழக்குத் தரப்பு சொன்னது: கொலையாளி போய்விட்டான். அம்மாளுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. திரும்பி வந்துவிடுவானோ என்ற பயத்தில் கட்டிலையும் குழாயையும் இழுத்துக் கதவை அடைத்தார். பிறகு தன் இரத்தத்தால் ஒரு கதவில் எழுதினார். இன்னொரு கதவுக்குப் போய் மறுபடியும் எழுதத் தொடங்கினார். அது முடியவில்லை, உயிர் போய்விட்டது.

எதிர்த்தரப்பு கேட்டது: மண்டையில் அடி, கழுத்தில் வெட்டு, வயிற்றில் குத்து, இத்தனையும் வாங்கிய 65 வயதுப் பெண்மணி எழுந்து நடந்து, கட்டிலை இழுத்து, குழாயைச் சரியாக முட்டுக் கொடுத்து, படிக்கும்படியாக ஒரு வாக்கியத்தை எழுதி, மறுபடி இன்னொரு இடத்துக்குப் போய் எழுத முடியுமா? வேறு யாரோ எழுதிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? ஒமருக்காக வாதாடியவர் ழாக் வெர்ழேஸ். நாஜிக் குற்றவாளி கிளாவுஸ் பார்பிக்காக வாதாடிப் பெயரும் பழியும் வாங்கியவர். அவருடைய வாதத் திறமை பற்றி இரண்டு கருத்து கிடையாது.

இந்த இரண்டு தரப்பையும் கேட்டால் இரண்டுமே நம்பும்படி இருக்கும். சிக்கல் அதுதான். 'முடியும்' என்று ஒரு மருத்துவர் சொன்னால் அதன் பொருள், 'முடியாது என்று என்னால் சொல்ல இயலாது' என்பதுதான். கடுமையான காயத்தோடு பல அடி தூரம் நடந்தவர்கள் மருத்துவ நூல்களில் உண்டு. சின்னக் காயத்தில் மயங்கி விழுந்தவர்களும் உண்டு. ஆக, காயம் இந்தக் கேள்வியில் வாய் திறக்கவில்லை. அதன் மௌனத்தை வழக்குத் தரப்பு 'ஆம்' என்று எடுத்துக்கொண்டது, எதிர்த்தரப்பு 'இல்லை' என்று எடுத்துக்கொண்டது. கையெழுத்து நிபுணர்கள் கதையும் இப்படியே ஆயிற்று. முதலில் பார்த்தவர்கள் எழுத்து அம்மாளுடையது என்றார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்த வேறு நிபுணர்கள், விரலால் சுவரிலோ கதவிலோ இழுத்த எழுத்தை யாருடையது என்று சொல்ல இயலாது என்றார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அது ஒரு தேதி.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்கள் தங்கள் அறிக்கையில், மரணம் நேர்ந்தது ஜூன் 24 என்று குறிப்பிட்டார்கள். ஆனால் வழக்கு முழுவதும் ஜூன் 23 மதியத்தின் மேல் நிற்கிறது. 23-ஆம் தேதி ஒமர் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் கொலை செய்தார் என்பது குற்றச்சாட்டு. 24-ஆம் தேதியோ அவர் தூலோன் நகரத்தில் குடும்பத்தாரோடு இருந்தார். அதாவது, அறிக்கையில் இருந்த தேதி சரி என்றால் வழக்கே இல்லை. பிற்பாடு இது கவனத்துக்கு வந்தபோது, அது தட்டச்சுப் பிழை, 23 என்று இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் திருத்தம் கொடுத்தார்கள்.

தட்டச்சுப் பிழை நேரும். 35 ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் கிளார்க்காக உட்கார்ந்தவன் நான். பிறந்த தேதி மாறிய பணிப் பதிவேடு, 31 நாள் போட்ட ஜூன் மாதச் சம்பளப் பட்டியல் எல்லாம் என் மேஜையைக் கடந்து போயிருக்கின்றன. அதற்குத்தான் திருத்தத்துக்கென்று முறை வைத்திருக்கிறார்கள். பழைய எண்ணை மறைக்கக் கூடாது. படிக்கும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் வைக்க வேண்டும். அதோடு, எந்த ஆதாரத்தைப் பார்த்து மாற்றினோம் என்று குறிப்புத் தாளில் எழுத வேண்டும். பிறந்த தேதியை மாற்றினால் ஞானஸ்நானச் சான்றிதழோ பிறப்புப் பதிவோ எது என்று காட்ட வேண்டும். மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுதான்: "எதை வைத்து மாற்றினாய்?"

அந்தக் கேள்வியை இந்தத் தேதியிடம் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவர்கள் மரண நேரத்தை உடலிலிருந்து கணக்கிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடல் வெப்பம், விறைப்பு, இரத்தம் தேங்கிய நிறம் இவற்றைப் பார்த்துக் கணக்கிட்டு முடிவுக்கு வந்திருந்தால், அந்தக் கணக்கு அறிக்கையில் இருந்திருக்கும். அப்போது 24 என்பது தட்டச்சுப் பிழை என்பதைக் கணக்கே காட்டிக் கொடுத்துவிடும். யாரும் விளக்கம் எழுத வேண்டியிருக்காது.

அல்லது, அவர்களே கணக்கிடவில்லை, ஜாந்தார்ம் என்னும் காவல் படையினர் சொன்ன தேதியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 23 என்பது தட்டச்சுப் பிழையின் திருத்தமாக இருக்கலாம். ஆனால் அந்தத் தேதி உடல் சொன்ன தேதி ஆகாது. காவல் படை சொன்னதை மருத்துவர் திருப்பிச் சொன்னார். அதை நீதிமன்றம் மருத்துவர் சொன்னதாக எடுத்துக்கொண்டது. ஒரே சாட்சி இரண்டு சட்டை மாட்டிக்கொண்டு இரண்டு முறை வந்ததற்குச் சமம்.

எந்தப் பக்கம் போனாலும் அந்தத் தாள் தனியாக நிற்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கொலை நடந்தது 23-ஆம் தேதி என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று நானும் நினைக்கிறேன். மதிய விருந்துக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அதற்குப் பிறகு அவரை உயிரோடு பார்த்தவர் யாரும் வரவில்லை. சாதாரண அறிவுக்கு 23-தான் பொருந்துகிறது. ஆனால் அது நண்பர்களும் தொலைபேசியும் சொல்லும் சாட்சி, மருத்துவச் சாட்சி அல்ல. இரண்டையும் வேறு வேறு பையில் போட்டு வைத்தால்தான் ஒன்று மற்றதைச் சோதிக்கும். உடல் கிடைத்துச் சில நாட்கள் கழித்தே பரிசோதனை நடந்தது. கோடைக் காலம். அந்த நிலையில் ஞாயிறு மதியமா, திங்கள் காலையா என்று உடலைப் பார்த்துச் சொல்வது கடினம் என்றால், "சொல்ல இயலவில்லை" என்று எழுதியிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் ஒரு மருத்துவருக்குக் குறைவு எதுவும் இல்லை.

தாளில் சந்தேகம் வந்தால் மூலத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பதிவறைக்கு ஆள் அனுப்புவோம். இங்கே மூலம் எது? அந்த அம்மாளின் உடல். பரிசோதனை முடிந்த சில நாட்களில் உடல் தகனம் செய்யப்பட்டுவிட்டது. எதிர்த்தரப்பு தன் மருத்துவரை வைத்து இன்னொரு முறை பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. புதைத்திருந்தால் தோண்டியெடுத்துப் பார்த்திருக்கலாம். சாம்பலிடம் யார் என்ன கேட்க முடியும்? உறவினர்களை நான் குறை சொல்லவில்லை. தங்கள் வீட்டுப் பெண்மணிக்கு இறுதிக் கடன் செய்யத் துடித்தவர்கள் அவர்கள். அனுமதி கொடுத்த அதிகாரம்தான் யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு காயங்களைப் பற்றி நடந்த விவாதம் எல்லாம் காயங்களைப் பற்றியது அல்ல. காயங்களைப் பற்றிய தாளைப் பற்றியது. அந்தத் தாளில்தான் தேதி தவறியிருந்தது.

அப்படி இருந்தும் நீதிமன்றம் எப்படித் தண்டித்தது என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலப் பிரெஞ்சு முறை அப்படி. பெருங்குற்றங்களை விசாரிக்கும் 'கூர் தசீஸ்' என்ற மன்றத்தில் 3 நீதிபதிகளும் பொதுமக்களிலிருந்து சீட்டுப் போட்டு எடுத்த 9 பேரும் சேர்ந்து ரகசியமாக வாக்களிப்பார்கள். 12 பேரில் 8 பேர் குற்றவாளி என்றால் போதும். காரணம் எழுத வேண்டியதில்லை. 'உனக்கு உள்ளூர உறுதி ஏற்பட்டதா?' என்பதுதான் சட்டம் அவர்களிடம் கேட்கும் கேள்வி. ஆகவே, அந்தத் தேதித் திருத்தத்தை அவர்கள் எப்படி எடைபோட்டார்கள், 30 நிமிடத்தை எப்படி நம்பினார்கள் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. மேல்முறையீடும் அப்போது கிடையாது. சட்ட நுணுக்கம் பார்க்கும் 'கசாசியோன்' மன்றம் மட்டும் உண்டு, அது 1995-இல் தள்ளுபடி செய்தது. பெருங்குற்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு 2001-இல்தான் வந்தது. காரணத்தை எழுத வேண்டும் என்ற சட்டம் 2011-இல்தான் வந்தது. ஒமருக்கு இரண்டும் உதவவில்லை.

பிற்காலத்தில் மரபணுச் சோதனை வந்தது. கதவுகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஒமருடையதல்லாத ஆண்களின் மரபணுத் தடயங்கள் கிடைத்தன. இருந்தும் 2002-இல் மறு விசாரணை மறுக்கப்பட்டது. சட்டத்தைத் தளர்த்திய பிறகு மீண்டும் கேட்டார்கள். 2022-இல் மீண்டும் மறுக்கப்பட்டது. அந்தத் தடயங்கள் கொலைக்குப் பிறகு அந்தப் பொருள்களைக் கையாண்டவர்களுடையதாகவும் இருக்கலாம் என்பது வாதம். அதுவும் ஒதுக்கிவிட முடியாத வாதம்தான். பொருள்களையும் பாதுகாத்து வைக்கவில்லை என்பதுதான் அதன் மறுபக்கம்.

ஒமர் குற்றமற்றவர் என்று நான் சொல்கிறேனா? இல்லை. அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, ஆதாரமும் இல்லை. கதவில் பெயர் எழுதியிருக்கிறது. அதை எழுதியது வேறு ஒருவன் என்றால் அவன் யார், ஏன் எழுதினான் என்று யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை. ஒமர் மேல் சந்தேகம் வந்ததில் வியப்பு எதுவும் இல்லை. நான் சொல்வதெல்லாம், அந்தக் காயங்கள் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும் பாரத்தைத் தாங்கவில்லை என்பதுதான். தாங்கும் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் பாரத்தை ஏற்றிவிட்டார்கள். சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுப்பது அவர் மேல் காட்டும் இரக்கம் அல்ல. தாளில் தவறு செய்தவர்கள் அதன் விலையைத் தாங்களே கொடுக்கட்டும் என்ற ஏற்பாடு அது.

மர்ஷால் அம்மாளையும் மறக்கக் கூடாது. ஒமருக்காகப் புத்தகம் வந்தது, 2011-இல் திரைப்படமும் வந்தது. அவருடைய பெயர் மட்டும் பலருக்கு நினைவில்லை. ஒமர் கொன்றிருந்தால், அதை யாரும் மறுக்க முடியாதபடி நிரூபிக்கும் வாய்ப்பு அந்தச் சிதையோடு போயிற்று. வேறு ஒருவன் கொன்றிருந்தால், அவன் நிம்மதியாக வயதாகிக்கொண்டிருப்பான். இரண்டில் எது உண்மையானாலும் அநியாயம் அந்த அம்மாளுக்குத்தான்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, மரண வாக்குமூலம். சாகப் போகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. நம் சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 26-ஆம் பிரிவு. ஆனால் நம் நீதிமன்றங்கள் வாக்குமூலத்தைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கின்றன: சொன்னபோது அவர் சொல்லும் நிலையில் இருந்தாரா? மருத்துவரின் சான்று இருந்தால்தான் செல்லும் என்பதில்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆனாலும் அவர் தெளிவான மனநிலையில் இருந்தார் என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும், அதற்குச் சாட்சி வேண்டும். அந்த நிலவறையில் சாட்சி கிடையாது. கேட்டவர் கிடையாது. எழுதியவர் அவர்தானா என்பதே கேள்வி. சாகப் போகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பலாம். கதவும் பொய் சொல்லாது என்று நம்ப எந்த வேதமும் சொல்லவில்லை.

இரண்டாவது, தகனம். பிரான்சில் அது ஒரு வழக்கின் விதிவிலக்கு. நம்மில் பெரும்பாலான வீடுகளில் அதுதான் வழக்கம். உடலைக் கையில் கொடுத்த அன்று மாலையோ மறுநாளோ எல்லாம் முடிந்துவிடும். அஸ்தியைக் கடலில் கரைத்துவிடுவோம். அதற்குப் பிறகு அந்த மனிதர் எப்படி இறந்தார் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி, அரசு மருத்துவமனைப் பிணவறையில் ஒரு மருத்துவர், வரிசையில் காத்திருக்கும் மற்ற உடல்களுக்கு நடுவே, அவசரமாக எழுதிய சில பக்கங்கள். மருமகள் தீக்குளித்தாளா, கொளுத்தப்பட்டாளா என்பதும், லாக்கப்பில் இறந்தவர் வழுக்கி விழுந்தாரா என்பதும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. நம் ஊரில் மூலத்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை என்பதால், நம் தாள்கள் பிரெஞ்சுக்காரர்களுடையதைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் குடும்பத்திலும் இப்படி ஒரு துயரம் வரக் கூடாது. வந்துவிட்டால், அழுகைக்கு நடுவிலும் வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவர் அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். பெயர் சரியா, வயது சரியா, தேதி சரியா, நேரம் எழுதியிருக்கிறதா, ஒவ்வொரு காயத்துக்கும் நீளம், அகலம், ஆழம், இடம் குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறு இருந்தால் உடனே எழுத்து மூலம் கேட்க வேண்டும். மருத்துவம் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். ரேஷன் கார்டிலும் பென்ஷன் ஆணையிலும் ஓர் எழுத்து மாறினால் நாம் எத்தனை முறை அலைகிறோம்? உயிர் போனதைச் சொல்லும் தாளுக்கு அதில் பாதி கவனமாவது வேண்டாமா?

'துயே' என்ற சொல்லின் பிழையைப் பற்றி பிரான்சு இன்னும் 30 ஆண்டுகள் பேசட்டும். எனக்கு அந்த 24 என்ற எண்தான் பெரிய பிழை. ஒரு சொல்லில் பிழை வந்தால் வாத்தியார் மதிப்பெண் குறைப்பார். ஒரு தேதியில் பிழை வந்து, அதைத் திருத்தியதற்குக் காரணமும் எழுதாவிட்டால், யாரோ ஒருவர் வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது.